பாதி வகுப்பு லைனில் இருக்கிறது

ஒரகடம் கூட்டுரோட்டில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். ஜெனரல் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் கைபேசி அடித்தது முதலில் காதில் விழவில்லை. மறுபடி அடித்தபோது எடுத்தேன். எங்கள் பகுதிநேரப் பொறியியல் வகுப்பின் முதல் அணி மாணவி செல்வி. "சார், பிலோமினா மேடம் போய்ட்டாங்க சார். தூக்கத்துலயே உசுரு போயிருக்கு. சேரப்பணஞ்சேரி வீட்லதான் வச்சிருக்காவ," என்றார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அழும்போது ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும். நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ சொன்னார். எனக்கு நினைவிருப்பதெல்லாம் எனக்கு வந்த கோபம்தான். முந்தின வாரம்தான் மேடம் என்னோடு போனில் சண்டை போட்டிருந்தார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

மறுநாள் அடக்கம். காலையில் வந்த மாணவர்கள் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள். மதியத்துக்குள் எடுத்துவிடலாம் என்று உறவினர்கள் அவசரப்பட்டபோது மேடத்தின் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "காலைல போன ஏ ஷிஃப்ட் வுட்டு வரணும் இல்ல? அவங்க வராம எடுத்தா அம்மா என்னை சும்மா வுட மாட்டாங்க," என்றார். வெயில் சாய்ந்ததும் வல்லம் வடகால் பக்கமிருந்து வேனிலும் பைக்கிலுமாக அடுத்த கூட்டம் வந்து சேர்ந்தது. சீருடையைக்கூட மாற்றவில்லை, கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. காலையில் வந்தவர்களுக்காகச் சொன்ன ஜெபத்தைப் பங்குத்தந்தை இவர்களுக்காக முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். அப்படிச் செய்யும்படி யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அங்கேதான் அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், அறியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். முனைவர் பிலோமினா எங்கள் அரசுப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் இயந்திரவியல் பேராசிரியர். பணிக்காலத்தின் கடைசி ஆண்டில் முதல்வர். நான் கணிதத் துறை. அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இருவரும் ஒரே பணியாளர் அறையில் பல ஆண்டுகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள். மேடையில் ஏறினால் அழகான செந்தமிழ் பேசுவார். கீழே இறங்கினால் சேரப்பணஞ்சேரிப் பேச்சு. பல்கலைக்கழகத்திலிருந்து யார் வந்தாலும் அதை மாற்றிக்கொண்டதில்லை. அவர் முதல்வராக இருந்த அந்த ஒரு வருடத்தைப் போல ஒரு வருடம் எங்கள் கல்லூரிக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. உபசாரம் பேசினால் அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

ஆண்டறிக்கை எழுதுவது எப்போதும் என் தலையில் விழும் வேலை. கணக்கு வாத்தியாருக்குத் தமிழ் நன்றாக வரும் என்று யாரோ ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டும் வழக்கம்போலத் தொடங்கினேன்: அறிவியல் நாள் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது, இரத்ததான முகாம் வெற்றிகரமாக நடத்தப்பட்டது. முதல் பக்கத்தைப் படித்ததுமே மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இன்னா சார் இது, எல்லாம் தானா நடந்த மாரி எழுதிகீறீங்க? யாரு கொண்டாடுனாங்க? யாரு நடத்துனாங்க? பேரு போடுங்க."

பெயரெல்லாம் போட்டால் அறிக்கை நீளும், சிறப்பு விருந்தினர் கொட்டாவி விடுவார் என்றேன்.

"வுடட்டும். அவருக்கா விழா?"

அதோடு நிற்கவில்லை. பெயரை வாசித்தால் அந்த ஆள் அரங்கத்தில் எழுந்து நிற்க வேண்டும், நின்ற பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று ஒரு விதியும் போட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதை அவர் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெயர் போட அந்த ஆண்டில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. பெண்கள் கபடி அணி முதன்முறையாக மண்டலக் கோப்பையை வென்றது. அதற்கு முன் அவர்களுக்குப் பயிற்சி செய்ய இடம் கிடையாது. விளையாட்டுத் திடலில் புதிய ஆய்வகம் எழும்பிக்கொண்டிருந்தது. மேடம் பணியாளர்கள் கார் நிறுத்தும் இடத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் கூட்டத்தில் பெரிய அமளி. "காரு வெளிய நிக்கட்டும். காரு இன்னா கபடியா ஆடப் போவுது?" என்று முடித்துவிட்டார். நான் அவரைப் பலமாக ஆதரித்தேன். என்னிடம் கார் இல்லை.

எங்கள் மாணவர்கள் செய்த மின்சார வண்டி மாநில அளவிலான போட்டியில் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். நுழைவாயிலில் கண்ணாடிக் கூண்டு கட்டி அதை வைக்க வேண்டும் என்று துறையில் ஆசைப்பட்டார்கள். மறு வாரம் பார்த்தால், அந்த வண்டி கேன்டீனிலிருந்து பின் கட்டடத்துக்குத் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் முதல்வர். பரிசு வாங்கிய வண்டி இப்படியா என்று நான் கேட்டதற்கு, "ஓடுற வண்டிக்குத்தான சார் பரிசு குடுத்தாங்க?" என்றார். இன்றும் அது ஓடுகிறது. ஒரு பக்கத்துக் கதவு மட்டும் இல்லை.

ஆனால் அந்த ஆண்டில் அவர் தன் தலையைப் பணயம் வைத்தது பகுதிநேர வகுப்புக்காகத்தான். டிப்ளமோ முடித்துச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் உற்பத்தி லைனில் நிற்கும் பிள்ளைகள், வேலையை விடாமலே பொறியியல் பட்டம் படிக்க அவர் போராடி வாங்கிய வகுப்பு அது. மாலை வகுப்பு என்றுதான் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. இங்கே மாலை என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்த வாரம் காலையில் ஏ ஷிஃப்ட் போகிறவர் அடுத்த வாரம் மதியம் பி ஷிஃப்ட் போவார். மாலையில் மட்டும் வகுப்பு வைத்தால் ஒவ்வொருவரும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் பாடம் கேட்க முடியும். மேடம் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு பாடத்தையும் ஒரே நாளில் இரண்டு முறை நடத்துவது. பி ஷிஃப்ட்காரர்களுக்குக் காலையில், ஏ ஷிஃப்ட்காரர்களுக்கு மாலையில். இரவு ஷிஃப்ட்காரர்கள் தூக்கம் எப்போது விடுகிறதோ அப்போது வந்து உட்காரலாம்.

நான் எதிர்த்தேன். இருக்கும் ஆசிரியர்களே போதவில்லை, இதில் இரட்டை வேலை யார் பார்ப்பது என்று கேட்டேன். இன்றும் அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்பேன். அவர் சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை: "கம்பெனி ஷிஃப்ட நம்மால மாத்த முடியாது சார். டைம்டேபிள் நாம போட்றதுதானே?" சொல்லிவிட்டு முதல் இரட்டை வகுப்பைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டார். இரண்டாவதில் என் பெயர் இருந்தது.

ஒரே தொகையிடல் கணக்கைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நடுவில் நான் வழக்கமாகச் சொல்லும் ஜோக்கையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை எனக்கே சிரிப்பு வரவில்லை என்று அவரிடம் புலம்பினேன். "ஜோக்க மாத்துங்க. கணக்கு மாறாது," என்றார். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "ரெண்டாவது வாட்டி சொல்லும்போதுதான் சார், மொத வாட்டி இன்னா வுட்டோம்னு தெரியும்," என்றார். அது உண்மைதான். என் மாலை வகுப்பு காலை வகுப்பைவிட எப்போதும் நன்றாக இருந்தது. காலையில் வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்து முறையிட்டார்கள்கூட.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. ஒரு வகுப்புக்கு வருவது பாதிப்பேர்தான் என்பது அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. அடுத்த பாதி இன்னொரு வேளையில் உட்காருகிறது என்பது அவர்களுடைய விதிமுறையில் இல்லாத விஷயம். காலையில் நேரில் வந்து பார்ப்பார்கள், திருப்தி இல்லையென்றால் வகுப்பை மூடி, மாணவர்களை நகரத்துக் கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். அது செல்வி போன்றவர்களுக்கு முடிவு. வல்லம் வடகாலில் ஒப்பந்தத் தொழிலாளியாக லைனில் நின்றுகொண்டிருந்தவர் அவர். பட்டம் வாங்கினால் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில் விடுதி அறையில் ஐந்து பேரோடு படுத்துக்கொண்டு படித்தவர். "சிட்டிக்குப் போயிட்டு வர முடியாது சார். இங்க மூடுனாவன்னா என் படிப்பு அம்புட்டுதான்," என்று என்னிடம் சொன்னார். மேடத்திடம் போகச் சொன்னேன்.

மேடம் அந்த வாரம் இரண்டு வகுப்பிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "அன்னிக்கி காலைல எப்டியாவது வந்துடுங்க." அங்கேதான் வந்தது வினை.

அந்த வாரம் ஏ ஷிஃப்டில் இருந்தவர்கள் காலையில் லைனில் இருக்க வேண்டும். விடுப்பு எடுத்தால் வருகை ஊக்கத்தொகை போய்விடும், சூப்பர்வைசர் முகத்தையும் பார்க்க வேண்டும். அதனால் இங்கே யாரும் விடுப்புக் கேட்பதில்லை, நம்பிக்கையான ஆளோடு ஷிஃப்டை மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் நம்பிக்கையான ஆள் யார்? அதே லைனில் நிற்கும் வகுப்புத் தோழர். செல்வி பி ஷிஃப்டில் இருந்த மணிகண்டனைக் கேட்டார். வேறொருவர் வேறொரு தோழரைக் கேட்டார். பி ஷிஃப்டில் இருந்த ஒவ்வொருவரும், தன்னை மட்டும்தான் கேட்கிறார்கள், தான் ஒருவர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று பெரிய மனதோடு தலையை ஆட்டினார். வாக்குக் கொடுத்ததை வெளியே சொல்லிக்கொள்வது கௌரவமில்லை என்று வாயையும் மூடிக்கொண்டார்கள். விளைவு, வர முடியாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். வந்திருக்க வேண்டியவர்கள் எல்லோரும் லைனுக்குப் போய்விட்டார்கள்.

குழுவோடு நான் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பாதி பெஞ்சு காலி. முதல் வரிசையில் செல்வி, முகத்தில் ஈயாடவில்லை. குழுத் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "பாதிதான் இருக்கிறார்கள் போலிருக்கிறதே?" என்றார்.

கரும்பலகை அருகில் நின்ற மேடம் கெஞ்சுவார் என்று நினைத்தேன். ஏதாவது காரணம் சொல்வார் என்று நினைத்தேன். காலரா, கோயில் திருவிழா என்று நானே ஒன்றிரண்டு காரணங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மேடம் பெஞ்சுகளை ஒரு முறை பார்த்தார். யார் யார் இல்லை என்று பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உதட்டோரம் சிரிப்புகூட வந்தது.

"ஆமா சார், இது பாதி. மீதிப் பாதி இப்ப லைன்ல கீது. சாயங்காலம் வரும். இருந்து பாத்துட்டுப் போங்க."

மதியம் வேறொரு கல்லூரிக்குப் போக வேண்டும் என்றார் தலைவர்.

"பாதியப் பாத்துட்டு முழுசுக்கும் கையெழுத்துப் போடாதீங்க சார். மூடுறதுன்னாலும் முழுசாப் பாத்துட்டு மூடுங்க." குரலை உயர்த்தவே இல்லை. பிறகு சாக்பீஸை எடுத்து, யாரும் இல்லாதது போல வெப்ப இயக்கவியல் பாடத்தைத் தொடங்கிவிட்டார். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மதியம் கேன்டீனில் ஏரி மீன் குழம்பு. அதற்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம் என்பது என் சந்தேகம்.

மாலையில் வாசலில் கம்பெனிப் பேருந்து வந்து நின்றது. இறங்கியவர்கள் முகம் கழுவிக்கொண்டு, ஷூ சத்தம் கேட்க ஓடி வந்து உட்கார்ந்தார்கள். காலையில் காலியாக இருந்த இடங்கள் அவை. மேடம் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, காலையில் தொடங்கிய அதே வரியிலிருந்து தொடங்கினார். கடைசி பெஞ்சில் தலைவர் காலையில் எழுதிய குறிப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் முடிந்ததும் எழுந்து மணிகண்டனைக் கேட்டார்: "நீங்கள் ஏன் காலையில் வரவில்லை?"

"செல்வி அக்கா நல்லாப் படிக்கிறவங்க சார். அவங்க முன்னாடி உக்காந்தா வகுப்புக்கு நல்ல பேர் கெடைக்கும்னு ஷிஃப்ட மாத்திகினேன். நான் ஒருத்தன்தானேன்னு..."

"நானும் அப்டித்தான் சார், ஒருத்தன்தானேன்னு," என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்கே தாங்கள் செய்த காரியம் புரிந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "இதுங்கள வச்சிகினு நான் இன்னா பண்றது சொல்லுங்க," என்று அவரிடம் முறையிட்டார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். இரண்டு வேளை வருகையையும் கூட்டி ஒரே வருகையாகக் கொள்ள வேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

அந்த ஆண்டு விழாவில் அறிக்கையை நான்தான் வாசித்தேன். கபடி அணி எழுந்து நின்றது, வண்டி செய்தவர்கள் நின்றார்கள். பகுதிநேர வகுப்பின் பெயர்கள் வந்ததும் ஒரு சிக்கல். நான் வாசித்த முதல் பெயர்க்காரர் அந்நேரம் ஷிஃப்டில் இருந்தார். யாரும் எழவில்லை. நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். மேடையிலிருந்து மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "ஷிஃப்ட்ல கீறவங்களுக்குப் பதிலா கூடப் படிக்கிறவங்க எழுந்து நில்லுங்கப்பா," என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. அவரைச் செந்தமிழ் இல்லாமல் மேடையில் கேட்டது அந்த ஒருமுறைதான். மணிகண்டன் எழுந்தார். அன்றிலிருந்து எங்கள் கல்லூரியில் அதுவே வழக்கம். சிறப்பு விருந்தினர் கொட்டாவி விட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வகுப்பை நிரந்தரமாக்கிய ஆணை அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. இந்த ஆண்டு முதல் அணி பட்டம் பெறுகிறது. செல்விக்கு இப்போது அதே தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அவர் இறப்பதற்கு முந்தின வாரம் மேடத்தை அழைத்தேன். சந்தோஷப்பட்டார், உடனே சண்டைக்கும் வந்தார். பட்டமளிப்பு விழா காலையிலா, ஏ ஷிஃப்ட்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். ஒரு நாள் விடுப்புப் போடட்டுமே என்றேன்.

"ஏன் சார், விழாவ ரெண்டு வாட்டி நடத்தச் சொல்லிக் கேளுங்களேன்."

"மேடம், பட்டமளிப்பு விழாவை யாராவது இரண்டு முறை நடத்துவார்களா?"

"கேட்டீங்களா?"

"கேட்கவில்லை."

"கேக்காம எப்டி சார் தெரியும்?" என்று போனை வைத்துவிட்டார். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான். முடியாமல் நின்றுபோன சண்டை என்று முதலில் சொன்னேனே, இதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் கேட்டேன். முடியாது என்று பல்கலைக்கழகம் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னது. விடாமல் எங்கள் புதிய முதல்வரிடம் போய், கல்லூரி ஆண்டு விழாவையாவது இரண்டு வேளை நடத்தி, மாலை விழாவில் ஏ ஷிஃப்ட்காரர்களுக்குப் பட்டச் சான்றிதழைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மேடம், கேட்டால் கிடைக்கிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. இதை ஒப்புக்கொள்ள நீங்கள் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பது உங்களுக்குப் பிடித்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, மாலை வகுப்பு. நான் ஓய்வு பெறும்வரை அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இன்னொன்று, ஒரு பெயரை வாசித்துவிட்டு நிறுத்துகிற அந்த நிறுத்தம்.

இந்த ஆண்டறிக்கையிலும் முதல் அணி பட்டம் பெற்ற செய்தி வரும் இடத்தில் முனைவர் பிலோமினா என்ற பெயரை எழுதியிருக்கிறேன். காலையில் ஒரு முறை வாசிப்பேன், மாலையில் ஒரு முறை வாசிப்பேன். காலையில் எதையாவது விட்டிருந்தால் மாலையில் சேர்த்துச் சொல்லிவிடுவேன். இரண்டு முறையும் அவர் பெயரை வாசித்ததும் நிறுத்துவேன். அவரால் வர முடியாது. வழக்கப்படி, அவருக்குப் பதிலாக அவரிடம் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும்தான் எழுந்து நிற்க வேண்டும். அரங்கத்தில் இருக்கப்போகும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஒருத்தன்தானே, நான் ஒருத்திதானே, வேறு யாராவது எழுந்துகொள்வார்கள் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தத் தவறை நாம் ஏற்கெனவே ஒரு முறை செய்திருக்கிறோம். நீங்கள் எழுந்து நிற்கும்வரை நான் அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.